எழுதி வாழ்தலும் மதிப்புரை வழங்கலும்

நூலொன்று வெளிவருங்கால் அதனைப் பற்றிப் பிறர் என் கூறுவரோ என்னும் கவலை நூலாசிரியனுக்குப் புதியதன்று. நன்னூலார் பாயிரத்தின் இலக்கணம் வகுத்தவிடத்தே இக்கவலையையும் எண்ணிப் பார்த்துள்ளார். எத்துணை வல்லவனாயினும் தன்னைத் தானே புகழ்ந்து கொள்ளுதல் நூல் செய்வானுக்குத் தகாது. அவனுடைய ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, உரைகாரனோ சிறப்புப்பாயிரம் செய்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆயினும் அவர் உலகியல் நன்கறிந்தவர். அரசனவைக்கு ஓலை விடுக்குங்காலும், தன் ஆற்றலை அறியாதாரிடையிலும், அவையில் வாதம் வெல்ல வேண்டிய பொழுதும், மாற்றார் பழித்த காலத்தும் தற்புகழ்ச்சி குற்றமாகாதென நான்கு வாயில்களைத் திறந்து வைத்தார். பத்திராதிபருக்கும் பதிப்பாளருக்கும் விண்ணப்பம் வரைந்து எழுத்தினாலேயே வாழ முயலும் ஒருவர் இந்நான்கு வாயில்களிலும் நாள்தோறும் புகுந்து புறப்படுகின்றார். அத்தகையார் ஒருவர் பிறருடைய நூல்களுக்கும் மதிப்புரை கூற நேர்ந்தால் அவர் நிலை யாதாகும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள். அதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் காவிரி நாட்டிலேயே அவ்வாறு வாழ்ந்து காட்டியவர்கள் உளர்.

சிறப்புப்பாயிரம் தரத் தகுந்தாராக நன்னூலார் கூறிய நால்வரும் நூலாசிரியனுக்கு வேண்டியவர்களே என்பதை நோக்குக. அவருள் எவர் குற்றங் கூறுவர்? திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் (1815–1876) சிறப்புப்பாயிரம் பெறுதல் அக்காலத்துப் புலவர்க்குப் பெரும்பேறாக இருந்தது. அவரும் கேட்டவர்க்கு இல்லையென்னாது வழங்கினார். ஆனால் அப்பழங்காலத்தில் தடை எழுப்புதற்கு வேறோர் இடம் இருந்தது, அதுவே அரங்கேற்றம். அங்கே ஐயம் வினவுவோரும் மறுப்போரும் இருந்தனர்; நூலாசிரியன் நேர்நின்று விடை கூறினான். 1713-இல் நம் தரங்கம்பாடியில் தமிழ் அச்சுப்பணி தொடங்கியதன் பின்னர், நூல் மெல்லமெல்ல முகமறியாதார் கைக்குச் செல்லலாயிற்று. அரங்கம் போயிற்று, அரங்கில் எழுந்த வினாக்களைத் தாளில் எழுப்பும் கடமை பத்திரிகைகளுக்கு வந்தது.

அக்கடமைக்கு வைத்த பெயர் மதிப்புரை. நெல் விளையும் நாட்டில் பிறந்தார்க்கு இச்சொல்லின் வேர் எளிதில் விளங்கும். கதிர் முற்றிய வயலின் வரப்பில் நின்று, இம்மாவுக்கு இத்துணைக் கலம் காணும் என்று அனுபவசாலி ஒருவர் சொல்லுவார், அது கண்மதிப்பு. அறுத்து அடித்துக் களத்தில் மரக்காலால் அளந்தால் வருவது மற்றொரு கணக்கு. இரண்டும் ஒத்து வருவதும் உண்டு, வாராமையும் உண்டு. இனித் தூற்றுதல் என்னும் சொல்லையும் பாருங்கள். களத்தில் தூற்றினால் நெல்லும் பதரும் பிரியும். ஊரில் தூற்றினால் மனிதர் பிரிவர். மதிப்புரையாளர் செய்வது முன்னதே; அவர் செய்ததாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் பின்னது.

மதிப்புரை பெறும் முறையை மாணவர் சிலர் அறியார். ஆதலின் சுருங்கக் கூறுவோம். மதிப்புரை வேண்டுவோர் நூலின் இரண்டு பிரதிகளை அனுப்புதல் நெடுநாள் வழக்கம். ஒன்று மதிப்புரையாளருக்கு, மற்றொன்று அலுவலகத்துக்கு. இடமில்லையேல் நூற்பெயர், ஆசிரியர் பெயர், பக்கம், விலை ஆகியவற்றை மட்டும் 'வரப்பெற்றோம்' என்னும் தலைப்பின்கீழ் அச்சிட்டு நிறுத்துவர். நாமும் ஒருகால் சிறு கட்டுரைத் தொகுதியொன்றைச் சொந்தச் செலவில் அச்சிட்டு, ஒரு சஞ்சிகைக்கு முறைப்படி இரு பிரதிகள் அனுப்பினோம். மாதந்தோறும் அஞ்சற்காரர் வரும் நேரம் பார்த்து வாயிலில் நின்றோம். ஏழாந்திங்களில் 'வரப்பெற்றோம்' பகுதியில் நம் நூல் தோன்றிற்று. நூற்பெயரில் ஓரெழுத்துப் பிழை. விலை மட்டும் மிகச் சரியாக இருந்தது. அன்று நாம் கொண்ட சினம் இன்று நகைப்பாக மாறிவிட்டது. ஆயினும் மதிப்புரை என்பது நூலாசிரியன் வாழ்வில் எத்துணைப் பெரிய இடம் பெறுகின்றது என்பதை நாம் கற்றது அத்திங்களிலேதான்.

பழிப்புரை வந்தபொழுது செய்யத்தக்கது யாது என்பதற்கு டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் வாழ்வு சான்றாகும். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தில் 1855-இல் பிறந்த அவர், 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். சம்பளம் பெற்ற ஆசிரியரேயாயினும் பதிப்புத் தொழிலில் அவர் தனிமனிதர். கையொப்பம் சேர்த்தும் கடன்பட்டும் நூல்களை அச்சிட்டார். 1887-இல் சீவக சிந்தாமணி வெளிவந்ததும் பாராட்டுக்களோடு கண்டனத் துண்டுப் பிரசுரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. மறுப்பெழுத அவர் கை துடிக்காமல் இல்லை. ஆனால் மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாகக் காலம் கழிந்தால் ஏட்டுச் சுவடிகள் செல்லுக்கே இரையாகும். 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வெளிவந்தன. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907-இல் வந்தது. கண்டித்தோர் பெயர்களை இன்று தேடித்தான் அறிதல் வேண்டும்.

ஐயரவர்களுக்கு மாதந்தோறும் சம்பளம் வந்தது. அதுவும் இன்றி, எழுதுகோல் ஒன்றையே நம்பியவர்கள் பின்வந்த தலைமுறையில் தோன்றினர். 1933-இல் மணிக்கொடி தொடங்கிற்று. அவ்வாண்டுகளில் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரிந்து, நிலத்தை நம்பிய குடும்பங்கள் தளர்ந்திருந்தன. பட்டம் பெற்ற தஞ்சை ஜில்லா இளைஞர் பலர் எழுத்தின்பால் சென்றனர். அவருள் கும்பகோணத்து இரட்டையர் என்றழைக்கப்பட்ட ந. பிச்சமூர்த்தியும் கு. ப. ராஜகோபாலனும் நம் பொருளுக்கு உரியவர்கள். பிச்சமூர்த்தி வழக்கறிஞராக இருந்து, பின்னர் அறநிலையங்களின் நிர்வாக அதிகாரியாகப் பணி ஏற்றார். கு. ப. ரா.வோ அவ்வழி செல்ல இயலாதவராயினார். 1902-இல் பிறந்த அவர் மேலூரில் தாலுகா அலுவலகக் கணக்கராக இருந்தபோது கண்ணொளி மங்கிற்று. வேலையை விட்டு ஊர் திரும்பினார். கண் தெரியாத காலத்தில் அவர் சொல்லச் சொல்லத் தங்கை சேது அம்மாள் எழுதினார். அவ்வம்மையாரும் பிற்காலத்தில் எழுத்தாளராக விளங்கினார். சிகிச்சையால் பார்வை மீண்டபின் கு. ப. ரா. எழுத்தையே தொழிலாகக் கொண்டார்.

அவருடைய விமரிசனப் பணியில் தலைசிறந்தது பாரதியாரைப் பற்றியது. பாரதி மகாகவியா அல்லரா என்றொரு வாதம் 1930-களின் நடுவில் மூண்டது. மகாகவி என்று உரத்துக் கூறியவர் திருவையாற்றை அடுத்த திங்களூரினரான வ. ரா. அவ்வளவு உயர்வு கூடாதென மறுத்தவர் கல்கி. அவரும் மாயவரத்துப் பக்கத்துப் புத்தமங்கலத்தவரே. காவிரியின் ஒரே நீர் குடித்தவர்கள் இவ்வாறு இரு கரைகளில் நின்ற காலத்தில், கு. ப. ரா.வும் சிட்டியும் பாரதியின் கவிதையை உள்ளே புகுந்து ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினர். அவை 1937-இல் 'கண்ணன் என் கவி' என்னும் நூலாயின. அந்நாளில் கல்கி ஆனந்த விகடனில் செல்வாக்குடன் வீற்றிருந்தார். கதை எழுதிப் பிழைக்கும் ஒருவருக்கு அத்தகைய பத்திரிகை எத்துணைப் பெரிய வாயில் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வாயிலை எண்ணி அவர் பேனா தயங்கவில்லை. 1943-இல் துறையூர்க் 'கிராம ஊழியன்' பத்திரிகைப் பணியில் ஈடுபட்டார். மறுவாண்டு ஏப்ரலில், காலில் ஏற்பட்ட நோயினால், நாற்பத்திரண்டாம் வயதில் கும்பகோணத்தில் காலமானார். எழுதி வாழ்தல் இனிதென்று கூறுவோர் இவ்வரலாற்றையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

இனி க. நா. சுப்ரமண்யம் அவர்கள்பால் வருவோம். க. நா. சு. என்ற மூன்றெழுத்துக்களை அறியாதார் தமிழிலக்கிய மாணவருள் இலர். 1912-இல் வலங்கைமானிற் பிறந்து, சுவாமிமலையில் வளர்ந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். தபால் இலாகாவில் பணியாற்றிய தந்தையார், மகன் ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் பெற வேண்டுமென விரும்பினார். தந்தையர் பலரும் மக்களை உத்தியோகத்துக்குத் தள்ளிய அக்காலத்தில் எழுத்துக்கு அனுப்பிய தந்தை ஒருவர் நம் ஜில்லாவில் இருந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது. மகனோ தமிழுக்கு வந்து சேர்ந்தார். எனினும் தந்தை விரும்பிய ஆங்கிலம் அவரைக் கைவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

நிலையான உத்தியோகம் என்பதை அவர் நாடவேயில்லை. 1939-இல் 'சூறாவளி', 1945 முதல் 'சந்திரோதயம்', 1963-இல் 'இலக்கிய வட்டம்' எனப் பத்திரிகைகள் நடத்தினார், ஒன்றும் நீடிக்கவில்லை. 1946-இல் வெளிவந்த 'பொய்த்தேவு' நாவல் கும்பகோணத்தைச் சார்ந்த சாத்தனூரின் மேட்டுத்தெருச் சோமுவின் கதை. நம் நாட்டின் தெருவையும் ஆற்றங்கரையையும் நாவலில் காண விரும்புவோர் அதனைக் கற்க. ஆனால் அவருக்குப் புகழும் பகையும் ஒருங்கே தேடித் தந்தது விமரிசனமே. 1950-களின் நடுவில் சுதேசமித்திரனில் தற்கால இலக்கியத்தின் தேக்கத்தை எடுத்துக்காட்டி அவர் எழுதியவை பெரும் பூசலை விளைத்தன. பல்லாயிரவர் படித்து மகிழ்ந்த தொடர்கதைகளை இலக்கியமென ஏற்க அவர் மறுத்தார். கல்கியின் நாவல்களையும் அவ்வரிசையிலேயே நிறுத்தினார். மாறாக, பலரும் கவனியாதிருந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்', மௌனியின் கதைகள், புதுமைப்பித்தன், கு. ப. ரா. ஆகியோரின் எழுத்துக்கள் ஆகியவற்றை ஓயாமல் எடுத்தெடுத்துக் கூறினார். 'படித்திருக்கிறீர்களா?' என்பது அவர் நூலறிமுகங்களின் தொகுதி. அத்தலைப்பே அவர் போக்கைக் காட்டும். தீர்ப்புக் கூறும் நீதிபதியின் குரல் அதில் இல்லை. திண்ணையில் அருகமர்ந்து, இதைப் படித்தாயா என்று வினவும் அண்டைவீட்டாரின் குரலே கேட்கின்றது.

அவர் முறைக்குக் குறை உண்டு, மறைப்பானேன்? நல்ல நாவல் இவை, நல்ல சிறுகதையாசிரியர் இவர் எனப் பட்டியல் இடுவார், காரணம் விரித்துரையார். பட்டியல் விமரிசகர் என்று அவரைப் பலர் எள்ளினர். பட்டியலும் காலத்துக்குக் காலம் மாறும். மேலே நாம் கூறிய கண்மதிப்பு இதுவே. வரப்பில் நின்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டேயிருப்பார். அவருடைய நண்பரான சி. சு. செல்லப்பா இவ்வாறு சொல்லிச் செல்லுதல் போதாதென்று கருதி, நூலைப் பிரித்துப் பிரித்து அலசும் முறையை வற்புறுத்தினார். அது மரக்கால் அளவை. அதற்கென்றே 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். அச்சிட்ட நூல்கள் விலைபோகாமல், மூட்டையாகக் கட்டிச் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். இருவரில் யார் முறை சிறந்தது என்று வினவினால், வகுப்பறைக்குச் செல்லப்பாவின் முறையே ஏற்றதென்போம். ஆனால் க. நா. சு. வரப்பில் நின்று சுட்டிய வயல்களில் பெரும்பாலானவை அளந்து பார்த்தபோதும் விளைவு குன்றவில்லை என்பதை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் இன்று காண்கின்றோம்.

ஒரு கேள்வி எஞ்சுகின்றது. பத்திரிகைச் சன்மானத்தையே நம்பிய ஒருவர், அப்பத்திரிகைகளில் வேரூன்றிய எழுத்தாளர்களை இவ்வளவு அஞ்சாமல் எவ்வாறு மதிப்பிட்டார்? இயற்கையான துணிவு ஒரு காரணம் என்பர்; அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் துணிவுக்கும் உணவு வேண்டும். அவர் எக்காலத்தும் ஒரே வாய்க்காலை நம்பியிருந்தவர் அல்லர் என்பதே நம் எண்ணம். தமிழில் வாய்ப்புக் குறைந்தபோது மொழிபெயர்த்தார். நார்வே நாட்டு நட் ஹாம்சனின் நாவலை 'நிலவளம்' என்றும், ஸ்வீடன் நாட்டு செல்மா லாகர்லாவின் நாவலை 'மதகுரு' என்றும், அந்நாட்டவரே ஆன பேர் லாகர்க்விஸ்டின் நூலை 'அன்பு வழி' என்றும் தமிழாக்கினார். மூவரும் நோபல் பரிசு பெற்றவர்கள். 'நிலவளம்' தரிசைத் திருத்திப் பயிர் செய்யும் குடியானவனின் கதை; அதனை மொழிபெயர்க்க நெல்விளையும் நாட்டார் ஒருவர் முன்வந்தது பொருத்தமே. பின்னர்த் தில்லி சென்று ஆண்டுகள் பல தங்கி, ஆங்கில ஏடுகளில் இந்திய நூல்களுக்கு மதிப்புரையும் கட்டுரையும் எழுதினார். அப்போது தந்தையார் ஊட்டிய ஆங்கிலம் சோறிட்டது. சிலப்பதிகாரத்தை ஆங்கிலமாக்கினார், நீல பத்மநாபனின் 'தலைமுறைக'ளையும் ஆங்கிலத்தில் தந்தார். மயன் என்னும் பெயரில் புதுக்கவிதை எழுதினார். ஒரு வாயில் அடைபட்டால் மற்றொன்று திறந்திருந்தது. ஆதலின் எவ்வாயிலிலும் அவர் தலைகுனிந்து நிற்க வேண்டியதாயிற்றில்லை.

மேலைநாட்டிலும் இச்சிக்கல் இல்லாமலில்லை. வர்ஜீனியா உல்ஃப் அம்மையார் 1939-இல் வெளியிட்ட சிறு நூலொன்றில், பத்திரிகை மதிப்புரையால் ஆசிரியனுக்குப் பயனில்லை. மருத்துவரிடம் செல்வதுபோல ஆசிரியன் கட்டணம் செலுத்தி மதிப்புரையாளரைத் தனியறையில் கண்டு பேசுதலே தக்கது என்று வேடிக்கையும் வினையும் கலந்து எழுதினார். ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய கட்டுரையொன்றில், கட்டுக்கட்டாக வரும் நூல்களுக்குக் கூலிக்கு மதிப்புரை எழுதும் ஒருவரின் அவல நிலையைச் சித்திரித்து, பெரும்பாலான நூல்களை விட்டுவிட்டுத் தகுதியுள்ள சிலவற்றுக்கு மட்டும் விரிவாக எழுதுதலே நன்றென முடித்தார். அதே ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை'யைத் தமிழாக்கியவரும் க. நா. சு.வே. ஆர்வெல் விரும்பியவாறு, தாம் மதிக்காதவற்றை ஒரு சொல்லால் தள்ளிவிட்டு, மதித்தவற்றையே மீண்டும் மீண்டும் பேசியதும் அவரே.

புதிய வாய்ப்பைத் தேடுதல் சிலருக்கு இழிவாகத் தோன்றும். கலைஞன் காசுக்காக எழுதலாமா என்று கேட்பர்; கேட்பவர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரராக இருப்பர். கும்பகோணத்துச் சௌராஷ்டிர மரபில் 1920-இல் பிறந்த எம். வி. வெங்கட்ராம் தமது பதினாறாம் வயதிலேயே மணிக்கொடியில் கதை எழுதியவர். பட்டுச் சரிகை வாணிகத்தில் ஈட்டியதை 1948-இல் 'தேனீ' என்னும் பத்திரிகையில் இட்டு இழந்தார். பின்னர் ஒரு பதிப்பகத்தார்க்காகத் தேசத் தொண்டர்கள் முதலியோரின் சிறு வரலாறுகளை அறுபதுக்கும் மேலாக எழுதிக் குடும்பம் நடத்தினார். பள்ளிச் சிறுவர் படிக்கும் அந்நூல்களை எழுதிய அதே கைதான் நெசவாளர் வாழ்வைக் கூறும் 'வேள்வித் தீ'யையும், 1993-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'காதுகள்' நாவலையும் எழுதிற்று. குறுவைக்கென நெல் வேறு, சம்பாவுக்கென நெல் வேறு, வயல் ஒன்றே. முன்னதை விதைத்தான் என்பதற்காக எந்த மிராசுதாரையும் எவரும் இகழ்ந்ததில்லை.

நம் கல்லூரியிலிருந்து வெளிச்செல்லும் மாணவருள் ஆண்டுக்கு இருவர் மூவரேனும், எழுதியே வாழலாமா என்று எம்மிடம் வந்து வினவுகின்றனர். வேண்டாமென்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை; ஆமென்று சொல்லக் கு. ப. ரா.வின் வரலாறு விடுவதில்லை. ஆகவே அவர்கட்குச் சிலவற்றை மட்டும் கூறி வருகின்றோம். மதிப்புரைக்கு வந்த நூலை முழுதும் படியாமல் எழுத வேண்டா. முன்னுரையும் பின்னட்டையும் படித்து எழுதியவை இரண்டாம் வாக்கியத்திலேயே தம்மைக் காட்டிக் கொடுத்துவிடும். நண்பர் நூலாயின் நட்பை முதல் வரியிலேயே ஒப்புக் கொள்க, அல்லது நூலைத் திருப்பி அனுப்புக. குற்றங் கூறினால் பக்கம் சுட்டிக் கூறுக. தம் நூலுக்கு வந்த மதிப்புரையில் பிழை இருப்பின் அப்பிழையை மட்டும் ஒரு சிறு கடிதத்தில் திருத்துக. மதிப்புரையாளர் குலமும் குணமும் ஆராய வேண்டா. ஒரு பத்திரிகைக்கு மட்டும் எழுதாதிருக்க. தமிழுடன் மற்றொரு மொழியேனும் மொழிபெயர்க்கும் அளவுக்குக் கற்க. இக்கடைசிச் சொல்லைக் கேட்டதும் மாணவர் முகம் சிறிது வாடும். எழுதி வாழ வழி கேட்டால் மறுபடியும் படிக்கச் சொல்கின்றீர்களே என்பர்.

க. நா. சு. முதுமையில் தில்லியை விட்டுச் சென்னைக்கு மீண்டு, எழுபது வயதுக்கு மேலும் தமிழ்ப் பத்திரிகைகளில் முன்போலவே எழுதினார். 1986-இல் 'இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்' என்னும் விமரிசன நூலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு வந்தது. நாவலாசிரியராகத் தொடங்கியவருக்கு அப்பரிசு நாவலுக்கு வரவில்லை. அவரைப் பலருக்குப் பகையாக்கிய விமரிசனத்துக்கே வந்தது. ஈராண்டு கழித்து, 1988 டிசம்பரில், தில்லியில் அவர் காலமானார். அவர் பட்டியல்களில் இடம் பெற்ற நூல்களைத் தேடி நம் நூலகத்துக்கு வரும் மாணவர் இன்றும் உளர். சென்ற திங்கள் ஒருவர் 'நாகம்மா'ளைக் கொண்டு சென்றார். திருப்பித் தரும்போது, ஐயா, இவர் சொன்ன வேறு நூல் எது இங்கே இருக்கின்றது என்று கேட்டார்.